பெருந்தொற்றுக் காலத்தில் தனியார் விமான நிலையங்கள்: விரிவாக்கம் தொடர்ந்தது சரியா, இழப்பு யார் தலையில் விழுந்தது?

ஓடுபாதை (இழையைத் தொடங்கியவர்)

2020 மார்ச் 25 முதல் மே 24 வரை இந்தியாவில் உள்நாட்டுப் பயணியர் விமானச் சேவை முழுமையாக நிறுத்தப்பட்டிருந்தது. பன்னாட்டுச் சேவை அதற்குச் சில நாள் முன்பே நின்றுவிட்டது. அது வழக்கமான அட்டவணைக்குத் திரும்பியது 2022 மார்ச் 27 அன்றுதான். உள்நாட்டுச் சேவை மே 25 அன்று மூன்றில் ஒரு பங்கு அளவில் தொடங்கி, 45, 60, 70, 80 விழுக்காடு எனப் படிப்படியாக ஏறியது. இரண்டாம் அலையில் மறுபடியும் 50 விழுக்காட்டுக்கு இறங்கிய அந்த வரம்பு, 2021 அக்டோபர் 18 அன்று முற்றிலும் நீக்கப்பட்டது. தில்லியில் 2019-20 நிதியாண்டில் ஏறத்தாழ 6.7 கோடியாக இருந்த பயணியர் எண்ணிக்கை, அடுத்த ஆண்டில் 2.3 கோடிக்கும் கீழே சரிந்தது. பெங்களூருவில் 3.2 கோடி 1.1 கோடியானது.

வருமானம் இப்படிக் குறைந்தபோதும் செலவு அதே விகிதத்தில் குறையவில்லை. சரக்கு விமானங்களும், மே மாதத்திலிருந்து வந்தே பாரத் மீட்பு விமானங்களும் வந்துகொண்டிருந்ததால் ஓடுபாதை விளக்குகளும் தீயணைப்புப் பிரிவும் இருபத்துநான்கு மணி நேரமும் ஆயத்தமாக இருந்தாக வேண்டும். பயணிகள் இல்லை என்பதற்காகத் தீயணைப்பு வண்டிகளின் எண்ணிக்கையைத் தன் விருப்பப்படி குறைத்துக்கொள்ள எந்த நிலையத்திற்கும் உரிமை இல்லை. அது வந்திறங்கும் விமானத்தின் அளவைப் பொறுத்தது.

இத்தகைய சூழலிலும் தில்லியில் நான்காவது ஓடுபாதை, சாலைகளுக்கு மேலே பாலமாகச் செல்லும் 2.1 கிலோமீட்டர் டாக்ஸிவே (விமானங்கள் தரையில் ஊர்ந்து செல்லும் பாதை), முதல் முனையத்தின் விரிவாக்கம் ஆகிய மூன்றும், பெங்களூருவில் இரண்டாம் முனையமும், ஐதராபாத்தில் 1.2 கோடிப் பயணிகளுக்கான முனையத்தை 3.4 கோடிக்கு உயர்த்தும் பணியும் கைவிடப்படாமல் நடந்தன. பயணிகள் மூன்றில் ஒரு பங்காகிவிட்ட காலத்தில் முனையம் கட்டுவது வீண் என்று அப்போது பலரும் எழுதினார்கள். கட்டுமானத் துறையைச் சேர்ந்தவன் என்ற முறையில் நான் அதற்கு நேர்மாறாக எண்ணுகிறேன். ஐதராபாத் 2019-20இலேயே 2.1 கோடிக்கும் மேற்பட்ட பயணிகளை அந்த 1.2 கோடி முனையத்தில் திணித்துக்கொண்டிருந்தது. ஆகவே விரிவாக்கம் எதிர்காலத் தேவைக்காக மட்டும் தொடங்கப்பட்டதன்று. பாதி தோண்டிய பணியிடத்தை நிறுத்திவைத்தால் கடனுக்கு வட்டி ஏறும், ஒப்பந்தக்காரர் இழப்பீடு கேட்பார், இறக்குமதி செய்த கருவிகளின் உத்தரவாதக் காலம் கிடங்கிலேயே கழியும். இயங்கும் நிலையத்திற்குள் வேலை செய்பவர்கள் அன்றாடம் படும் தொல்லையும் ஒன்று உண்டு: இரவில் சில மணி நேரமே ஓடுபாதை அருகில் இயந்திரங்களை இறக்க முடியும். போக்குவரத்து குறைந்திருந்த மாதங்களில் அந்த இடைவெளி நீண்டது.

ஆள் பற்றாக்குறைதான் இதற்கு எதிராக நின்றது. பொது முடக்கத்தில் வடமாநிலத் தொழிலாளர்கள் ஊர் திரும்பினார்கள். ஏப்ரல் 20 முதல் பணியிடத்திலேயே தங்கியிருந்தவர்களைக் கொண்டு கட்டுமானத்தைத் தொடர மத்திய அரசு அனுமதித்தது என்றாலும், மீதமிருந்தவர்கள் மிகச் சிலரே. 2021 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டிய பெங்களூரு இரண்டாம் முனையம் 2022 நவம்பர் 11 அன்றுதான் திறக்கப்பட்டது. தில்லியின் ஓடுபாதையும் டாக்ஸிவேயும் 2023 ஜூலையிலும், முதல் முனையம் 2024 மார்ச்சிலும் திறந்து வைக்கப்பட்டன. தாமதம் உண்மை, ஆனால் நிறுத்தியிருந்தால் அது இதைவிட நீண்டிருக்கும். மற்றவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

கணக்கர்

பொறியியல் நோக்கில் தாங்கள் கூறுவதை ஏற்கிறேன். ஆனால் "தனியார் நிறுவனங்கள் நெருக்கடியிலும் துணிந்து கட்டின" என்று எழுதும்போது, அந்தத் துணிவுக்குப் பின்னால் இருந்த ஒப்பந்த ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். வருமானம் நின்றால் யார் ஏற்பது என்ற கேள்விக்கு இந்திய முறையில் இரண்டு விடைகள் உண்டு. இரண்டிலும் நிறுவனத்தின் பங்கு வெளியில் தெரிவதைவிடச் சிறியது.

முதலாவது, அரசுக்குச் செலுத்த வேண்டிய பங்கு. 2006ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி தில்லி நிலையம் தன் மொத்த வருவாயில் 45.99 விழுக்காட்டையும், மும்பை 38.7 விழுக்காட்டையும் இந்திய விமான நிலைய ஆணையத்திற்குத் தர வேண்டும். ஐதராபாத்தும் பெங்களூருவும் மத்திய அரசுக்குத் தருவது 4 விழுக்காடு மட்டுமே. தில்லியில் இந்தத் தொகை, அந்த ஆண்டு வரும் என்று முன்கூட்டியே மதிப்பிட்ட வருவாயின் அடிப்படையில் மாதந்தோறும் கட்டப்பட்டு, பிறகு உண்மையான வருவாயோடு ஒப்பிட்டுச் சரிசெய்யப்படும். விமானமே பறக்காத மாதத்தில் இதைக் கட்டுவது இயலாது என்று கூறி, ஒப்பந்தத்தில் உள்ள ஃபோர்ஸ் மஜூர் என்னும் எதிர்பாராப் பேரிடர்ப் பிரிவை நிறுவனம் காட்டியது. ஆணையம் ஏற்கவில்லை. வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்திற்கும், அங்கிருந்து நடுவர் தீர்ப்பாயத்திற்கும் சென்றது. 2020 மார்ச் 19 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலத்திற்கு ஆண்டுக் கட்டணம் செலுத்துவதிலிருந்து நிறுவனத்திற்கு விலக்கு உண்டு என்று 2024 தொடக்கத்தில் தீர்ப்பாயம் கூறியது. ஆணையம் அதை எதிர்த்து நீதிமன்றம் சென்றது. விமானங்கள் மீண்டும் பறக்கத் தொடங்கி, கடைகள் திறந்து, வருவாய் ஓரளவு வந்துகொண்டிருந்த மாதங்களும் இந்த விலக்குக்குள் அடங்குகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும்.

இரண்டாவது, பயணியிடமிருந்து பெறும் கட்டணம். விமான நிலையப் பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஏரா, ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்டணங்களை நிர்ணயிக்கிறது. முதலீட்டிற்கு உரிய வருமானம், இயக்கச் செலவு, தேய்மானம், வரி ஆகியவற்றைக் கூட்டி, கடை வாடகை, வாகன நிறுத்தம், விளம்பரம் போன்ற பிற வருவாயில் 30 விழுக்காட்டைக் கழித்து, மீதியை எதிர்பார்க்கும் பயணியர் எண்ணிக்கையால் வகுக்கிறார்கள். எதிர்பார்த்த எண்ணிக்கை வரவில்லை என்றால் அந்தக் குறைவு அடுத்த ஐந்தாண்டுக் கணக்கில் ட்ரூ-அப் என்ற பெயரில் சேர்க்கப்படும். ஆக, 2020இல் வராத பயணியின் கட்டணத்தை 2024இல் வரும் பயணி செலுத்துகிறார். கடை வருவாய் சரிந்தால் கழிக்கப்படும் 30 விழுக்காடும் சுருங்குவதால் கட்டணம் இன்னொரு வழியிலும் உயர்கிறது.

புதிதாகக் கட்டிய ஒவ்வொரு ரூபாயும், ஏரா ஒப்புக்கொள்ளும் அளவுக்கு, வருமானம் ஈட்டும் சொத்தாகக் கணக்கில் ஏறிவிடும் என்ற நிலையில் கட்டுமானத்தைத் தொடர்வதற்குப் பெரிய துணிவு வேண்டியதில்லை.

மீனம்பாக்கம்வாசி

கணக்கர் கூறியதன் மறுபக்கம் பேசப்படுவதே இல்லை. தில்லியும் மும்பையும் தரும் பங்குத்தொகை ஆணையத்தின் வருவாயில் முதன்மையான ஒன்று. ஆணையம் நடத்தும் நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்களில் பெரும்பாலானவை நட்டத்தில் இயங்குபவை. தூத்துக்குடி, சேலம் போன்ற ஊர்களில் ஓடுபாதை விளக்கு எரிவதற்கும் அந்தப் பணம் உதவுகிறது. பெருந்தொற்றில் ஆணையத்தின் சொந்த நிலையங்களும் வெறிச்சோடின; அதன்மேல் பெருநகரப் பங்கும் வரவில்லை. தனியாரிடம் ஒப்படைத்ததால் அரசின் கை பாதுகாப்பாக இருக்கிறது என்ற வாதம் அந்த இரண்டு ஆண்டுகளில் நிற்கவில்லை.

அரசு நடத்தும் சென்னையில் என்ன நடந்தது என்றும் பார்க்கலாம். 2018இல் தொடங்கிய புதிய ஒருங்கிணைந்த முனையப் பணி அங்கும் கைவிடப்படவில்லை. முதற்கட்டம் 2023 ஏப்ரல் 8 அன்று திறந்து வைக்கப்பட்டது. பெங்களூருவைவிட ஐந்து மாதம் பின்தங்கியது என்பதைத் தவிர, நெருக்கடியில் கட்டுமானத்தைத் தொடர்வது தனியாரால் மட்டுமே முடியும் என்று கூற இடமில்லை.

ஓடுபாதை

சென்னைப் பணியையும் பெங்களூருப் பணியையும் நேராக ஒப்பிட இயலாது என்று கருதுகிறேன். மீனம்பாக்கத்தில் பழைய முனையத்தை இடித்து அதே இடத்தில் கட்ட வேண்டியிருந்தது. பெங்களூருவில் திறந்தவெளியில் 2,55,000 சதுரமீட்டர் பரப்பில் முதற்கட்டத்தை எழுப்பினார்கள். ஐந்து மாத இடைவெளியை வைத்து யார் திறமைசாலி என்று தீர்மானிக்க முடியாது என்பதில் மட்டும் தங்களோடு உடன்படுகிறேன்.

நாஞ்சிலான்

நாகர்கோவிலில் இருப்பவர்களுக்கு விமான நிலையம் என்றால் திருவனந்தபுரம்தான். ஆகவே எங்களைத் தொட்ட ஒன்றைக் கூறுகிறேன்.

அகமதாபாத், ஜெய்ப்பூர், லக்னோ, மங்களூரு, குவாஹாட்டி, திருவனந்தபுரம் ஆகிய ஆறு நிலையங்களை 50 ஆண்டுக் குத்தகைக்கு விடும் ஏலம் நடந்தது 2019 பிப்ரவரியில்; ஆறையும் அதானி குழுமமே வென்றது. ஒரே நிறுவனத்திற்கு இரண்டு நிலையங்களுக்கு மேல் தர வேண்டாம் என்று பொருளாதார விவகாரத் துறை முன்வைத்த கருத்து ஏற்கப்படவில்லை. திருவனந்தபுரத்திற்கு ஒரு பயணிக்கு 168 ரூபாய் தருவதாக அக்குழுமமும், 135 ரூபாய் தருவதாகக் கேரள அரசு நிறுவனமும் கேட்டிருந்தன. வித்தியாசம் 10 விழுக்காட்டுக்குள் இருந்திருந்தால் கேரளத்திற்கு முன்னுரிமை கிடைத்திருக்கும். பிறகு வழக்குகள் நடந்தன.

இதில் பெருந்தொற்றின் பங்கு என்னவென்றால், கையேற்கும் காலத்தை நிறுவனம் தள்ளிவைக்கக் கேட்டது. மங்களூரு, லக்னோ, அகமதாபாத் ஆகியவை 2020 அக்டோபர் இறுதிக்கும் நவம்பர் தொடக்கத்திற்கும் இடையிலும், மற்ற மூன்றும் 2021 அக்டோபரிலும் கைமாறின. பயணிகள் இல்லாத காலத்தில் அரசு நிலையத்தைச் சுமந்தது. கூட்டம் திரும்பத் தொடங்கிய நேரத்தில் குத்தகைதாரர் வந்தார். 2024 ஜூலை 1 முதல் திருவனந்தபுரத்தில் உள்நாட்டுப் பயணி புறப்படும்போது செலுத்தும் பயனர் கட்டணம் 506 ரூபாயிலிருந்து 770 ரூபாய் ஆனது. வந்திறங்குபவருக்கும் புதிதாகக் கட்டணம் விதிக்கப்பட்டது. வளைகுடாவில் கூலிவேலை செய்துவிட்டு ஊர் திரும்பும் எங்கள் ஊர்க்காரருக்கு ட்ரூ-அப் என்றால் என்னவென்று யார் விளக்குவது?

கணக்கர்

நாஞ்சிலான் அவர்களின் வருத்தம் நியாயமானது என்றாலும், அந்த உயர்வு முழுவதையும் பெருந்தொற்றின் கணக்கில் எழுதிவிட வேண்டாம். அதில் வரப்போகும் முனைய விரிவாக்கத்தின் முதலீடும் அடங்கியுள்ளது. தில்லியில் இதற்கு நேரெதிரான நிலை: 2001ஆம் ஆண்டு விகிதத்தோடு 10 விழுக்காடு சேர்த்த அடிப்படைக் கட்டணமே போதும் என்று 2020 டிசம்பர் இறுதியில் ஏரா ஆணையிட்டது. தில்லிப் பயணி பல ஆண்டுகள் மிகக் குறைந்த கட்டணமே செலுத்தினார்.

கைமாற்றத்தைப் பொறுத்தவரை, மும்பையே பெரிய எடுத்துக்காட்டு. கடன் சுமையில் இருந்த ஜிவிகே குழுமம் தான் நடத்திவந்த மும்பை நிலையத்தையும், அதனோடு இணைந்த நவி மும்பைத் திட்டத்தையும் விட்டுக்கொடுக்கும் ஏற்பாடு 2020 ஆகஸ்ட் 31 அன்று அறிவிக்கப்பட்டது. 2021 ஜூலையில் அதானி குழுமம் பொறுப்பேற்றது. பல ஆண்டுகளாக நகராமல் கிடந்த நவி மும்பைக்கு 2022 மார்ச்சில் பாரத ஸ்டேட் வங்கி 12,770 கோடி ரூபாய்க் கடனை உறுதிசெய்தது. 2020இல் தில்லி, ஐதராபாத் நிலையங்களை நடத்தும் ஜிஎம்ஆர் நிறுவனத்தின் 49 விழுக்காட்டுப் பங்கைப் பாரிஸ் நகர விமான நிலையங்களை நடத்தும் ஏடிபி குழுமம் வாங்கியபோது, பெருந்தொற்றைக் காரணம் காட்டி விதிமுறைகளை மாற்றி எழுதினார்களே தவிர, வாங்குவதைக் கைவிடவில்லை. தில்லிக்கு அருகிலுள்ள ஜேவர் நிலையத்திற்காகச் சூரிக் விமான நிலைய நிறுவனம் உத்தரப் பிரதேச அரசோடு ஒப்பந்தம் செய்தது 2020 அக்டோபர் 7 அன்று. உலகெங்கும் முனையங்கள் பூட்டிக்கிடந்த நாளில் பயணிக்கு 400.97 ரூபாய் தருவதாக ஒருவர் கையெழுத்திடுகிறார் என்றால், இந்தத் தொழிலில் இரண்டாண்டு வெறுமை என்பது நாற்பது, ஐம்பது ஆண்டுக் குத்தகையில் எவ்வளவு சிறியது என்று முதலீட்டாளர்கள் கணக்கிட்டிருந்தார்கள் என்பது விளங்கும். கையில் பணம் இருந்தவர் வாங்கினார். கடன் இருந்தவர் விற்றார். ஒரே நிறுவனத்தின் கீழ் பல நிலையங்கள் குவிந்ததில் 2019ஆம் ஆண்டு ஏலத்திற்கு அடுத்தபடியாக இதற்கே பெரும் பங்கு.

தேம்சுக்கரை

இலண்டனில் வசிப்பதால் ஹீத்ரோவைப் பற்றிச் சில வரிகள். முழுமையாகத் தனியாருக்குச் சொந்தமான அந்நிலையத்தில் 2019இல் 8.1 கோடியாக இருந்த பயணியர், 2020இல் 2.2 கோடியாகவும் 2021இல் 1.9 கோடியாகவும் குறைந்தனர். இரண்டு முனையங்கள் மூடப்பட்டன. இழப்பை ஈடுகட்ட, கட்டணத்தைக் கணக்கிட அடிப்படையாகும் தன் சொத்து மதிப்பில் 260 கோடி பவுண்டு கூட்டித் தருமாறு நிறுவனம் கேட்டது; ஒழுங்குமுறை அமைப்பு 2021 ஏப்ரலில் 30 கோடி மட்டுமே அனுமதித்தது. பங்குதாரர்கள் நல்ல ஆண்டுகளில் ஆதாயம் பெற்றவர்கள், கெட்ட ஆண்டையும் ஏற்கட்டும் என்பதே அந்த முடிவின் சாரம் என நான் புரிந்துகொள்கிறேன். இந்தியாவில் ட்ரூ-அப் தானாகவே நடப்பதை இதனோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும்.

ஆனால் பணத்தை இறுக்கியதன் விளைவையும் கூறியாக வேண்டும். 2022 ஜூலையில் நாளொன்றுக்கு ஒரு இலட்சம் பயணிகளுக்கு மேல் புறப்படக் கூடாது என்று ஹீத்ரோ வரம்பு விதித்தது. இடம் இருந்தது, ஓடுபாதை இருந்தது. பெட்டி ஏற்ற ஆள் இல்லை.

தரைப்பணி

இந்த இடத்தில்தான் நான் எழுத நினைத்தேன். தரைச் சேவையில் மேற்பார்வையாளராகப் பணியாற்றியவள் நான். எந்த நிலையம் என்பது தேவையில்லை. முதலீடு, கட்டணம், நடுவர் தீர்ப்பு என்று நீளும் இந்த விவாதத்தில் முனையத்தை இயக்கும் மனிதர்கள் இப்போதுதான் வருகிறார்கள்.

தள்ளுவண்டி சேகரிப்பவர், துப்புரவுப் பணியாளர், பெட்டி ஏற்றுபவர், சக்கர நாற்காலி தள்ளுபவர் என எல்லோருமே ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். பறப்பு குறைந்தவுடன் முதலில் நிறுத்தப்பட்டவர்கள் இவர்களே. கூட்டம் திரும்பியதும் மறுநாளே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று மேலே இருந்தவர்கள் எண்ணினார்கள். நுழைவு அனுமதி அட்டை காலாவதியாகியிருந்தால் காவல்துறைச் சரிபார்ப்பு மீண்டும் தொடக்கத்திலிருந்து நடக்க வேண்டும். விமானம் நிற்கும் பகுதியில் வண்டி ஓட்டத் தனி அனுமதியும் பயிற்சியும் தேவை. இவை முடிய வாரங்கள் ஆகும். அதற்குள் அந்த மனிதர் வேறு வேலைக்குச் சென்றிருப்பார். நெருக்கடிக் காலத்தில் கட்டடத்திற்கு வட்டி கட்டப் பணம் திரட்டிய நிறுவனங்கள், அனுமதி அட்டை வைத்திருந்த ஆட்களுக்குப் பாதிச் சம்பளம் கொடுத்து நிறுத்திவைப்பதையும் மூலதனச் செலவாகக் கருதியிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

இன்னொன்று, இடம். 2021 டிசம்பர் 1 முதல் ஓமிக்ரான் அச்சத்தால், ஆபத்துப் பட்டியலில் இருந்த நாடுகளிலிருந்து வந்த ஒவ்வொரு பயணியும் சோதனை மாதிரி கொடுத்து, முடிவு வரும்வரை நிலையத்திலேயே காத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது. அடுத்தடுத்துப் பெரிய விமானங்கள் இறங்கினால், குடியேற்றச் சோதனைக்கு முன்னால் அத்தனை பேரை இடைவெளி விட்டு எங்கே உட்கார வைப்பது? அந்த வருகைப் பகுதி, இறங்கிய பயணி நிற்காமல் நடந்து வெளியேற வேண்டும் என்ற நோக்கில் வரையப்பட்டது. நாற்காலியும் கழிப்பறையும் குடிநீரும் மிகக் குறைவு. சுகாதார அலுவலர்கள் மத்திய அரசைச் சேர்ந்தவர்கள், காவலர்கள் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர், குடியேற்றம் உள்துறையின் கீழ் வருவது, கட்டடம் மட்டுமே தனியாருடையது. பயணி சண்டையிட்டதோ, கண்ணில் பட்ட சீருடை அணிந்த எங்களோடு.

ஓடுபாதை

அம்மா, தாங்கள் எழுதியது இந்த இழையில் விடுபட்டிருந்த ஒன்று. தில்லி மூன்றாம் முனையத்தில் 2022 டிசம்பரில் ஏற்பட்ட நெரிசலையும் இதே வரிசையில் வைத்துப் பார்க்கிறேன். விமானப் போக்குவரத்து அமைச்சரே நேரில் சென்று பார்க்கும் நிலை உருவாகி, எக்ஸ்ரே இயந்திரங்களும் பாதுகாப்புப் படையினரும் கூட்டப்பட்டு, நெரிசல் நேரத்து விமானங்கள் வேறு முனையங்களுக்கு மாற்றப்பட்டன. முதல் முனையத்தின் விரிவாக்கம் அப்போது முடிந்திருந்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி அங்கே சென்றிருக்கும். கட்டுமானத்தைத் தொடர்ந்தது சரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைக்கவில்லை.

வரைபடம் பற்றித் தாங்கள் கூறியதையும் ஏற்கிறேன். 2020இல் பணி நடந்துகொண்டிருந்த முனையங்களில் அடித்தளமும் தூண்களும் முடிந்துவிட்டதால் பரப்பை மாற்ற வழியில்லை. ஆனால் உட்பிரிவுகளை மாற்றியிருக்கலாம்: வருகைப் பகுதியில் நகர்த்தக்கூடிய தடுப்புகள், மாதிரி எடுக்கும் அறைகளாக மாற்றத்தக்க பக்கக் கூடங்கள், தனிக் காற்றோட்டம். முகத்தை அடையாளமாகக் கொண்டு நுழையும் டிஜியாத்ரா 2022 டிசம்பர் 1 அன்று தில்லி, பெங்களூரு, வாராணசியில் தொடங்கியது, தொடாமல் நுழையும் தேவை பெரிதும் தணிந்துவிட்ட பிறகு.

மீனம்பாக்கம்வாசி

சரக்குப் பிரிவை மறந்துவிட்டீர்கள். பயணியர் முனையம் இருண்டிருந்த காலத்தில் ஐதராபாத்தின் பெயர் நிலைத்தது அதன் மருந்துச் சரக்குக் கூடத்தால்தான். 2021 ஜூன் 1 அன்று 56.6 டன் ஸ்புட்னிக் தடுப்பூசி ஒரே விமானத்தில் அங்கு வந்திறங்கியது. அந்த ஊசி சுழியத்திற்குக் கீழ் 20 பாகை குளிரில் வைக்கப்பட வேண்டியது. தனியார் நிலையத்தைக் குறைகூறுபவன் நான் என்றாலும், அந்தக் குளிர்பதன வசதியை நெருக்கடிக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே ஏற்படுத்தியதற்கான பாராட்டை மறுக்க மாட்டேன். தடுப்பூசித் தொழிற்சாலைகள் அந்த ஊரில் இருந்தது அதற்குக் காரணம் என்பதும் உண்மை.

நாஞ்சிலான்

எல்லாம் சரி. திருச்சியையும் குத்தகைக்கு விடுவதாக 2021இல் பட்டியல் வந்ததே, திருப்பதியோடு சேர்த்து. அதே ஆண்டு ஆகஸ்டில் வெளியான, அரசுச் சொத்துகளைத் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டுப் பணம் திரட்டும் பணமாக்கல் திட்டத்தில் சென்னை, மதுரை, கோயம்புத்தூர் ஆகியவையும் இருந்தன. நாளை அந்த ஒப்பந்தம் வெளியானால் நம்மைப் போன்ற பயணிகள் எதைத் தேடிப் பார்க்க வேண்டும்?

கணக்கர்

மூன்று இடங்களை முதலில் பாருங்கள். ஒன்று, அரசுக்கான பங்கு எவ்வாறு வரையறுக்கப்பட்டுள்ளது என்பது. பயணிக்கு இத்தனை ரூபாய் என்ற புதிய முறையில், பயணி வராவிட்டால் கட்டணமும் தானாகவே இல்லாமற்போகும். தில்லியில் நடந்தது போன்ற வழக்குக்கு இடம் குறையும், ஆனால் இழப்பு அரசுக்கு என்பது முதல் நாளிலேயே எழுதப்பட்டுவிடும். ஆகவே குறைந்தபட்சத் தொகை ஒன்று உண்டா என்று பாருங்கள்.

இரண்டு, பேரிடர்ப் பிரிவு எப்போது முடிவுக்கு வருகிறது என்பது. தொடக்க நாள் எல்லா ஒப்பந்தங்களிலும் தெளிவாக இருக்கும். முடிவு நாளைப் பயணியர் எண்ணிக்கையோடு பிணைத்திருந்தால், எடுத்துக்காட்டாக முந்தைய ஆண்டின் பாதியை எட்டியவுடன் விலக்கு முடியும் என்று இருந்தால், ஆண்டுக்கணக்கில் நீளும் வழக்காடல் மிச்சமாகும்.

மூன்று, விரிவாக்கத்தை எது தொடங்கி வைக்கிறது என்பது. ஜேவரில் அடுத்த கட்டம் ஆண்டுக் கணக்கில் அமையவில்லை. கொள்ளளவில் 80 விழுக்காட்டை எட்டும்போது தொடங்க வேண்டும் என்று பிணைத்திருக்கிறார்கள். திருச்சிக்கு இந்தக் கேள்வி இன்னும் நுட்பமானது, ஏனெனில் ஆயிரம் கோடிக்கு மேல் செலவிட்டு ஆணையமே அங்கு புதிய முனையத்தைக் கட்டி முடித்து, 2024 ஜூனில் பயன்பாட்டிற்குக் கொண்டுவந்துவிட்டது. குத்தகைதாரர் அந்தச் சொத்துக்கு ஆணையத்திடம் என்ன விலை கொடுக்கிறார், அதே விலையை ஏரா கணக்கில் எந்த மதிப்பாகக் காட்டுகிறார் என்ற இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள்.

தரைப்பணி

நான்காவதாக ஒன்றையும் தேடுங்கள், ஐயா: ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் பேரிடர்ப் பிரிவில் ஒரு வரியாவது இருக்கிறதா என்று.